கூட்டத்துக்கு வராதவர்கள்

ஓர் அமைப்புக்கு இணையத்தளம் செய்ய முடிவானதும் முதலில் நடப்பது ஒரு கூட்டம். மலேசியாவின் காம்பாரில் கோயில், முன்னாள் மாணவர் சங்கம், கூட்டுறவுக் கழகம் எதுவானாலும் அந்த மேசையைச் சுற்றி அமர்கிறவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவர்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், ஆலோசகர் ஒருவர், கணினி தெரிந்த இளைஞர் ஒருவர். தளம் செய்ய வந்தவர் குறிப்பேட்டைத் திறந்து, என்னென்ன வேண்டும் என்று கேட்கிறார். பதில்கள் ஆயத்தமாகவே இருக்கின்றன. தலைவர் உரை, நிர்வாகக் குழுவின் படங்கள், அமைப்பின் வரலாறு, நிகழ்ச்சிப் படங்கள், நன்கொடைக்கு வங்கிக் கணக்கு எண். ஒரு மணி நேரத்தில் பேச்சு முடிந்துவிடும். எழுதிக்கொண்டதைத் தட்டச்சு செய்து கொடுத்தால் தலைவர் கையெழுத்திடுவார். அந்தத் தாளுக்குத் ‘தேவைகள்’ என்று தலைப்பு.

அந்தப் பட்டியலில் பொய் எதுவும் இல்லை. தங்கள் உழைப்பை ஊருக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். ஆனால் தளத்தைத் தேடி வரப்போகிறவர்கள் வேறு ஆட்கள். ஜொகூர் பாருவில் வேலை பார்த்துக்கொண்டு, தாயார் பெயரில் உபயத்துக்குப் பணம் கட்ட நினைக்கும் மகன். பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்க எந்தப் பத்திரத்தைக் கொண்டுபோவது என்று தெரியாமல் தவிக்கும் தாய். பதினாறாம் நாள் காரியத்துக்கு மண்டபம் கிடைக்குமா என்று ராத்திரி பத்து மணிக்குத் தெரிந்துகொள்ள வேண்டிய குடும்பம். இவர்களில் ஒருவரும் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. வரச் சொல்லி யாரும் அழைக்கவும் இல்லை.

இணையத்தளங்கள் பயனற்றுப்போவதற்கு நிரலைக் குறை சொல்வது வழக்கம். நான் பார்த்தவரை, நம் அமைப்புகளின் தளங்கள் நிரல் எழுதத் தொடங்கும் முன்பே, அந்த மேசையிலேயே தோற்றுவிடுகின்றன.

காம்பார் ஈயத்தால் வளர்ந்த ஊர். ஊரைச் சுற்றிக் கிடக்கும் குளங்களில் பெரும்பாலானவை ஈயம் தோண்டிய பள்ளங்கள். 2007இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் பேராக் வளாகம் இங்கே வந்ததிலிருந்து ஊரின் நடை மாறிவிட்டது. 2009இல் காம்பார் பேராக்கின் பத்தாவது மாவட்டமும் ஆனது. தகவல் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகள் இப்போது ஊரெங்கும் தங்கியிருக்கிறார்கள். தேவைகளைத் திரட்டுவது எப்படி என்பது அவர்களுக்கு ஒரு பாடம். நேர்காணல், வினாநிரல், உற்றுநோக்கல் என்று முறைகளைப் படித்துத் தேர்வும் எழுதுகிறார்கள். பாடப்புத்தகம் சொல்லாத ஒன்று உண்டு. இந்தப் பக்கத்துத் தமிழர்களிடம் போய் ‘உங்களுக்கு என்ன வேண்டும்’ என்று கேட்பதற்கு முன், அந்தக் கேள்வியை இதுவரை அவர்களிடம் யார் கேட்டிருக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும்.

இவ்வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் பாதிக்கு மேல், இரண்டு தலைமுறை பின்னால் போனால், ஏதோ ஒரு பால்மரத் தோட்டத்து லயத்தில் போய் நிற்கும் என்று நினைக்கிறேன். தோட்டத்தில் பேச்சு மேலிருந்து கீழேதான் வந்தது. விடியுமுன் பெரட்டு. பெயர் கூப்பிடுவார்கள், குரல் கொடுக்க வேண்டும், எந்த நிரை என்று சொல்வார்கள், போக வேண்டும். கீழிருந்து மேலே போக வேண்டிய பேச்சுக்கு ஒரு படிக்கட்டு இருந்தது. தொழிலாளி கங்காணியிடம் சொல்வார், கங்காணி கிராணியிடம் சொல்வார், கிராணி தமக்குச் சரியென்று பட்டதை ஆங்கிலத்தில் துரையிடம் சொல்வார். லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று கிளம்பிய செய்தி துரையின் காதில் என்னவாக விழுந்தது என்று சொன்னவருக்கே தெரியாது. எழுத்தில் இருந்தது செக்ரோல் எனும் பெயர்ப்பதிவேடு மட்டும். அதில் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது.

தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. குடும்பங்கள் மலிவு விலை வீடுகளுக்கும் பட்டணத்து ஓரங்களுக்கும் சிதறிவிட்டன. அந்தப் படிக்கட்டு மட்டும் மனத்தில் அப்படியே இருக்கிறது. தேவைகளைக் கேட்டுப் போகும் எவருக்கும் இந்த வட்டாரத்தில் முதலில் கிடைக்கும் பதில் இதுதான்: ‘நமக்கு என்னாங்க தெரியும்? தலைவரக் கேளுங்க.’ இதை மாணவர்கள் தங்கள் அறிக்கையில் எப்படிப் பதிகிறார்கள் தெரியுமா? பயனர்களுக்குத் தனியான தேவை எதுவும் இல்லை என்று. அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. ஒரு நூற்றாண்டாகப் பேசவிடாமல் வைத்திருந்ததன் விளைவைத் தேவையின்மை என்று எழுதிவிடுகிறோம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இந்த வட்டாரத்தில் ஒரு மாரியம்மன் கோயில். தளம் வேண்டும் என்றார்கள், மேலே சொன்ன பட்டியலைத்தான் தந்தார்கள். அதோடு இணையவழி உபயப் பதிவும் வேண்டும் என்று பொருளாளர் சேர்த்தார். உபயப் பதிவு எளிது போலத் தெரியும். தேதி, பெயர், தொலைபேசி, தொகை என நாலு கட்டங்கள் போதும். கோயில் அலுவலகத்தில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் பல ஆண்டுகளாக எழுதிவரும் தடித்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் அந்த நாலு கட்டங்களுக்குள் எதுவும் அடங்காது என்று விளங்கியது.

திருவிழா பத்து நாள். ஒவ்வொரு நாளும் ஒரு கூட்டத்தாருக்கு உரியது. ஒரு நாள் ரயில்வேகாரர்களுடையது, ஒரு நாள் ஜேகேஆர் எனும் பொதுப்பணித் துறைக்காரர்களுடையது, ஒரு நாள் லாரி ஓட்டுநர்களுடையது. மூன்று நாள்கள் தோட்டத்தின் பெயரில் இருந்தன. அந்தத் தோட்டங்களில் ஒன்றுகூட இன்று தோட்டமாக இல்லை. லயம் போய்விட்டது, பால்கொட்டகை போய்விட்டது, உபயம் மட்டும் அதே பெயரில் நடக்கிறது. அந்தத் தோட்டத்தாருக்காகப் பேச இப்போது ஈப்போவில் ஒருவர், கிள்ளானில் ஒருவர். அவர்களுடைய எண்கள் பென்சிலில் எழுதப்பட்டு, அடிக்கப்பட்டு, மறுபடி எழுதப்பட்டிருந்தன. சில பெயர்களுக்கு எதிரே ‘இந்த வருசம் துக்கம்’ என்று குறிப்பு. வீட்டில் சாவு விழுந்த ஆண்டில் அந்தக் குடும்பம் உபயம் செய்யாது. தம்பி வீட்டாரோ சம்பந்தி வீட்டாரோ செய்வார்கள். ஆனால் உரிமை கைமாறாது, மறு ஆண்டு மூத்தவருக்கே திரும்பிவிடும். உபயகாரர் இறந்துபோனால் பெயரை அடிப்பதில்லை. ‘காலஞ்சென்ற’ என்று முன்னால் எழுதி, அடியில் மகன் பெயரைச் சேர்க்கிறார்கள். ஏன் அடிக்கவில்லை என்று கேட்டேன். ‘அடிச்சா நாளைக்கு யாரு எந்தத் தோட்டத்து ஆளுன்னு எப்படித் தெரியும்?’ என்றார் பெரியவர்.

கணினிக்காரர்களுக்கு இதில் உள்ள ஆபத்து உடனே தெரியும். தரவுத்தளத்தில் ஒரு பெயரை மாற்றினால் பழையது அழிந்து புதியது உட்காரும். அது இயல்பான நடைமுறை, யாரும் இரண்டாம் முறை யோசிக்கமாட்டார்கள். அந்த ஒரு செயலில் ஒரு தோட்டத்தின் வம்சாவளி போய்விடும். உரிமை ஒருவரிடமும் இந்த ஆண்டுக் கடமை இன்னொருவரிடமும் இருக்கலாம் என்பதை நாலு கட்டப் படிவம் ஏற்காது. நிர்வாகக் குழுவில் யாரும் இதை மறைக்கவில்லை. அவர்களுக்கும் இது தெரியும். அவ்வளவு பழகிய விஷயம் ஆகையால் சொல்ல வேண்டிய ஒன்றாக அவர்களுக்குத் தோன்றவில்லை. கேட்டால் வராத தகவல் இது. நோட்டைப் புரட்டி, எழுதியவர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வரும்.

அந்தக் கோயிலின் மடைப்பள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குச் சமைக்கும் பெண்களைத் தளம் தொடர்பாக யாரும் பார்க்கவில்லை. தளத்துக்கும் அடுப்புக்கும் என்ன தொடர்பு? காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் அமர்ந்து பேச்சுக் கொடுத்தேன். அவர்களில் மூத்தவர் சொன்னார்: ‘தம்பி, எனக்கு வெப்சைட்லாம் வேணாம். வியாழக்கெழம சாயந்தரத்துக்குள்ள எத்தன பேருக்குன்னு யாராச்சும் சொன்னா போதும். அரிசி அளக்கணும்ல.’ இன்னொரு பெண் தயங்கித் தயங்கி, உபயகாரர்கள் கடைசி நேரத்தில் இன்னும் ஐம்பது பேர் வருகிறார்கள் என்று சொல்லும்போது திட்டு வாங்குவது தாங்கள்தான் என்றார். அந்தப் பெண்களின் தேவை ஒரு வரிதான்: அன்னதான உபயம் எடுக்கிறவர் ஆள் கணக்கையும் சொல்ல வேண்டும், அது வியாழன் மாலை மடைப்பள்ளிக்கு வாட்ஸ்அப்பில் போய்ச்சேர வேண்டும். அந்தத் தளத்தில் இன்று அதிகம் பயன்படுவது அந்த ஒரு வசதி. தலைவர் உரையும் இருக்கிறது, அதற்கும் இடம் இருக்க வேண்டியதுதான்.

வேண்டியதைப் போலவே வேண்டாததும் கேட்டால்தான் தெரியும். நன்கொடையாளர் பெயரையும் தொகையையும் வெளியிட்டால் கொடுப்பவர்கள் பெருகுவார்கள் என்று குழு நினைத்தது. பத்து வெள்ளி கொடுப்பவர்களிடம் கேட்டபோது, ஐந்நூறு வெள்ளிக்குக் கீழே தங்கள் பெயர் வருவதைவிடக் கொடுக்காமலே இருந்துவிடலாம் என்றார்கள். துக்கக் குறிப்பு வெளியே தெரியக் கூடாது என்றார்கள் உபயகாரர்கள். பெண்கள் தங்கள் கைப்பேசி எண் தளத்தில் வரவே கூடாது என்றார்கள். இவையெல்லாம் ‘தேவைகள்’ தாளில் ஏறவேண்டியவை. ஏறாமல் போயிருந்தால் தளம் அழகாக வேலை செய்துகொண்டே பலரைக் காயப்படுத்தியிருக்கும்.

நம் பெயர்களின் கதை தனி. மலேசிய அடையாள அட்டையில் நம் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே ‘ஏ/எல்’ (இன்னாரின் மகன்) அல்லது ‘ஏ/பி’ (இன்னாரின் மகள்) நிற்கிறது. நடுவில் உள்ள அந்தச் சாய்கோட்டை எத்தனையோ படிவங்கள் ஏற்பதில்லை. சாய்கோட்டை விட்டு எழுதினால் அடையாள அட்டையோடு பொருந்தவில்லை என்று திரும்பும். குடும்பப் பெயர் கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரம் போட்டிருக்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் காதில் விழுந்தபடி எழுதியதே பெயரின் எழுத்து. ஒரே தந்தைக்குப் பிறந்த அண்ணன் பத்திரத்தில் தந்தை பெயருக்கு ஒரு ‘என்’, தம்பி பத்திரத்தில் இரண்டு ‘என்’. கணினிக்கு அவர்கள் இரண்டு தந்தையரின் மக்கள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் இருக்கும் தோட்டம் இப்போது வரைபடத்தில் இல்லை. சரிபார்ப்புக்கு வரும் ஓடிபி எண் பாட்டியின் கைக்கு வராது. அது கோலாலம்பூரில் தொழிற்சாலையில் நிற்கும் பேரனின் கைப்பேசிக்குப் போகும், அவன் இடைவேளையில் பார்ப்பதற்குள் காலாவதியாகிவிடும். ஒரு லயத்துக் குடும்பத்தோடு அரைநாள் இருந்தவருக்கு இதில் எதுவும் புதிதில்லை. இருக்காதவருக்கு இது ஒன்றுமே தெரியாது.

நாடு முழுவதையும் தழுவும் தளங்களிலும் இதே சிக்கல்தான், அளவு மட்டும் பெரிது. 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் பாடு எனப்படும் முதன்மைத் தரவுத்தளத்தைத் தொடக்கி வைத்தார். உதவித்தொகை உரியவருக்குப் போய்ச்சேர ஒவ்வொரு குடும்பத்தின் நிலையும் ஓரிடத்தில் தெரியவேண்டும் என்பது நோக்கம். அரசு ஊழியர்களே அதை உருவாக்கினார்கள், அது பாராட்ட வேண்டியது. மார்ச் 31க்குள் எல்லாரும் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்றார்கள். தொடங்கிய சில நாள்களிலேயே பிறருடைய கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிட முடிகிற ஓட்டையை முன்னாள் துணையமைச்சர் ஓங் கியான் மிங் சுட்டிக்காட்டினார், அது சரிசெய்யப்பட்டது. முகத்தைப் படம் பிடித்து அடையாளம் சரிபார்க்கும் கட்டத்தில் பலர் திணறினார்கள். அவர்கள் முகப்பிடங்களுக்குப் போய் ஆள் துணையோடு பதிய வேண்டியிருந்தது. உதவி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களே தனியாக இந்தத் தளத்தைக் கடந்துவர முடியாதவர்கள். பாட்டியும் பேரனும் வெவ்வேறு ஊரில் இருக்கிற வீடுகளில் சில நூறு குடும்பங்களை வைத்து முன்கூட்டியே சோதித்திருந்தால், இந்தத் திணறல் முன்பே தெரிந்திருக்கும். இது என் கணிப்பு. ஆனால் உறுதியாக நம்புகிறேன்.

வேறு வழி இருந்திருக்கிறதா என்றால், இருந்திருக்கிறது. தமிழர் மத்தியிலேயே இருந்திருக்கிறது. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. கனடாவின் ஐடிஆர்சி ஆராய்ச்சி மையம் நிதி கொடுத்தது, தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம் போன்றவர்கள் முன்னின்றார்கள். கணினியை இறக்கிவிட்டு, இதில் என்ன செய்யலாம் என்று அவர்கள் யோசிக்கவில்லை. ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து, இப்போது உங்களுக்குச் செய்தி எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேட்டார்கள். பக்கத்து வீடு, கடைத்தெரு, சந்தை என்று தெரியவந்தது. நிபுணர்களிடமிருந்து அநேகமாக எதுவும் வந்துகொண்டிருக்கவில்லை. அந்தப் பதிலிலிருந்துதான் மையங்களின் வடிவமே பிறந்தது. வில்லியனூர் நடுமையம். ஊர் தானே இடம் கொடுக்க வேண்டும், சாதி பாராமல் ஆணும் பெண்ணும் எவரும் உள்ளே வரலாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. எம்பலத்தில் கோயில் இடத்திலேயே மையம் நடந்தது. மையங்களை நடத்திய தன்னார்வலர்களில் பெண்களே அதிகம்.

விவசாய ஊரில் நெல் விலையும் அரசுத் திட்ட விவரமும் வேண்டும் என்றார்கள். கடலோர வீராம்பட்டினத்து மீனவர்கள் வேறு ஒன்றைக் கேட்டார்கள்: நாளைக்கு அலை எவ்வளவு உயரம்? அமெரிக்கக் கடற்படையின் தளத்தில் அந்த முன்னறிவிப்பு கிடைத்தது. அதை எடுத்து, தமிழில் மாற்றி, ஒலிபெருக்கியில் சொன்னார்கள். திரையைப் பார்க்கத் தெரியாதவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது போய்ச்சேர்ந்தது. ஒலிபெருக்கி வேண்டும் என்பது எந்தக் கணினிப் பொறியாளரின் பட்டியலிலும் தானாக வந்திருக்காது. கடற்கரையில் வலையைச் சரிபார்த்துக்கொண்டு நிற்பவருக்குச் செய்தி எப்படிப் போகும் என்று யோசித்தவர்களுக்கே அது தோன்றும்.

2004 டிசம்பர் 26 அன்று, இதே திட்டத்தில் இருந்த நல்லவாடு என்ற மீனவ ஊரைச் சேர்ந்த ஓர் இளைஞர் சிங்கப்பூரில் இருந்தார். தொலைக்காட்சியில் ஆழிப்பேரலைச் செய்தியைப் பார்த்து வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார் மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்து எல்லாரையும் கரையை விட்டு வெளியேற்றினார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊரில் வீடுகளும் படகுகளும் போயின, மக்கள் பிழைத்தார்கள். அலை உயரம் சொல்வதற்காக மீனவர்கள் கேட்டு வாங்கிய கருவி அவர்கள் உயிரையே காத்தது. மக்களைக் கேட்டுச் செய்வதால் என்ன லாபம் என்று என்னிடம் கேட்கும் நிர்வாகக் குழுக்களுக்கு நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

கேட்காமல் செய்ததற்கும் பெரிய சான்று உண்டு. 1992 அக்டோபர் 26 அன்று லண்டன் ஆம்புலன்ஸ் சேவை புதிய கணினி முறைக்கு மாறியது. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்ற கணக்கே குழம்பி, அழைத்தவர்கள் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். மறு ஆண்டு வந்த விசாரணை அறிக்கை சுட்டிய காரணங்களில் ஒன்று, வண்டியில் போகிறவர்களுக்கும் அழைப்பை எடுக்கிறவர்களுக்கும் அந்த முறையை வடிவமைப்பதில் போதிய பங்கு தரப்படவில்லை என்பது.

இங்கே கணினி படிக்கும் பிள்ளைகள் பொருள்நோக்கு நிரலாக்கம் படிக்கிறார்கள். அதற்கு வித்திட்ட சிமுலா மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர் நார்வேயின் கிறிஸ்டன் நைகார்ட். அதே நைகார்ட் 1970களின் தொடக்கத்தில் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு உட்கார்ந்து, ஆலைக்கு வரும் கணினி முறைகளில் தொழிலாளிக்கு என்ன சொல்லுரிமை இருக்க வேண்டும் என்று வேலை செய்தவர் என்பது நம் வகுப்பறைகளில் சொல்லப்படுகிறதா? சொல்லப்பட வேண்டும். அந்த வழியில் 1981இல் சுவீடனில் தொடங்கிய யுட்டோப்பியா திட்டத்தில் அச்சுக்கோப்பாளர்களோடு ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்தார்கள். அட்டையாலும் மரப்பலகையாலும் பொய்க் கணினி செய்து கொடுத்து, இதில் பக்கம் கட்டிக் காட்டுங்கள் என்றார்கள். உண்மைக் கணினி முன்னால் நடுங்குகிற கை அட்டையைத் தயங்காமல் நகர்த்தியது.

இந்த அட்டை முறை நம் ஊருக்கு மிகவும் பொருந்தும். ‘என்ன வேண்டும்’ என்று கேட்டால் தலைவரைக் கைகாட்டும் அதே அம்மா, ஒரு தாளில் திரையை வரைந்து மேலே வைத்தால், ‘இது ஏன் இங்க இருக்கு? மொதல்ல தேதிதான வரணும்’ என்று விரலை வைத்துக் காட்டுகிறார். வெற்றிடத்தைப் பார்த்துப் பேசத் தெரியாதவர்கள் என்று நாம் நினைத்தவர்கள், தவறான ஒன்றைக் கண்டால் விடாமல் திருத்துகிறார்கள். தோட்டத்திலேயே அவர்கள் அப்படித்தான். கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமை இல்லாத இடத்திலும் வேலையை அறிந்தவர்கள் அவர்களே.

இதற்கு நேரம் ஆகும். பணமும் ஆகும். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் போட்டால் ஷிப்ட் வேலைக்காரர்கள் வர முடியாது. வந்தால் ஒருநாள் கூலி போகும். இரவுக் கூட்டத்துக்குப் பெண்கள் வர வண்டி இல்லை. ஆகவே நாம்தான் போக வேண்டும். போனாலும் எல்லாரும் ஒன்றையே சொல்லப்போவதில்லை. பெரியவர் நோட்டையே வைத்துக்கொள்ளலாம் என்பார், பேரன் எல்லாம் கைப்பேசியில் வேண்டும் என்பான். இளையவர்கள் ஆங்கிலத்தில் கேட்பார்கள், மூத்தவர்கள் தமிழ் இல்லாவிட்டால் தொடவே மாட்டார்கள், வேலை பார்க்கும் பிள்ளைகள் மலாய் மட்டும் வாசிக்கக்கூடும். கடைசியில் யாராவது முடிவெடுக்கத்தான் வேண்டும், அது குழுவின் பொறுப்பு. கேட்பது என்றால் எல்லாவற்றையும் ஏற்பது என்று நான் சொல்லவில்லை. ஏற்காததை ஏன் ஏற்கவில்லை என்று சொன்னவரிடமே திரும்பிப்போய்ச் சொல்ல வேண்டும் என்கிறேன். இந்த இரண்டாவது பயணத்தை அநேகமாக யாரும் போவதில்லை. அடுத்த முறை கேட்டால் அவர்கள் பேசாததற்குக் காரணம் அதுதான்.

மலேசியாவில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் ஈப்போ நகராட்சி மன்றத்தை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி அங்கே ஆட்சி நடத்தியது. 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976இல் வந்த ஊராட்சிச் சட்டம் அவற்றை முடித்தே விட்டது. அன்றிலிருந்து மன்ற உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறார்கள். தன் வீட்டு வாசல் கால்வாயைப் பற்றி வாக்கால் பேசிய அனுபவம் இல்லாத இரண்டு தலைமுறை வளர்ந்துவிட்டது. ஓர் இணையத்தளத்துக்காகக் கருத்துக் கேட்பது வாக்குரிமைக்கு ஈடாகாது. ஆனால் ஒரு பொது விஷயம் உருவாகும் முன்பே சாதாரண மனிதரின் சொல்லுக்கு அதில் இடம் கிடைக்கும் அபூர்வமான சந்தர்ப்பம் அது. அதையும் குழுவின் மேசையில் முடித்துவிடுவது எனக்கு மிகப் பெரிய இழப்பாகப் படுகிறது.

நேரில் போய்ப் பேசுவது நமக்குப் புதிதும் இல்லை. பெருந்தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில், இதே பேராக்கின் சுங்கை சிப்புட்காரரான துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்து வெள்ளி கட்டினால் நீயும் தோட்டத்துக்குச் சொந்தக்காரன் என்று தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். லயத்து வாசலில் நின்று பேசிய பேச்சில் பிறந்த சங்கம் 1961இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது.

ஆகவே கோயில்களுக்கும் சங்கங்களுக்கும் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் இது. தளம் செய்ய ஆள் வைக்கும்போது, உங்கள் மேசையில் இல்லாதவர்களின் பெயர்களை நீங்களே எழுதிக் கொடுங்கள். நோட்டு எழுதுகிற பெரியவர், மடைப்பள்ளிப் பெண்கள், பள்ளி வாசலில் காத்திருக்கும் தாய்மார்கள், வெளியூரில் இருக்கும் உபயகாரர் வீட்டுப் பிள்ளைகள். தளம் செய்கிற பிள்ளைகளே, அவர்களிடம் போங்கள், அவர்கள் வேலை செய்கிற இடத்தில் உட்காருங்கள், தாளில் வரைந்து காட்டுங்கள், எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டித் திருத்தம் கேளுங்கள். அந்த நாள்களுக்கான கூலியை விலைப்பட்டியலின் முதல் வரியாகப் போடுங்கள். குழுவினரே, செலவைக் குறைக்க உட்காரும்போது அந்த வரியை மட்டும் வெட்டாதீர்கள்.